கணிப்பொறிக் கூடமும் காவல் வித்தையும்

ஒரே பெரிய கணிப்பொறியைப் பலர் முறைவைத்துப் பகிர்ந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தை முடித்துவைக்கும் நோக்கத்துடன் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், 1983 மே மாதத்தில், ஐ.பி.எம்., டிஜிட்டல் ஆகிய இரு கம்பெனிகளின் துணையோடு 'பிராஜக்ட் அதீனா' என்ற பெரும் ஏற்பாட்டைத் தொடங்கியது. கழகத்தின் எந்தக் கூடத்தில் எந்த யந்திரத்தின் முன் அமர்ந்தாலும், ஒரு மாணவன் தன் கோப்புகளை எடுத்து, வேலையை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்பதே அதன் லட்சியம். லட்சியம் உயர்ந்ததுதான், ஆனால் அதனுடன் ஓர் அபாயமும் கூடவே வந்தது. கம்பி வழியே செல்லும் கடவுச்சொல்லை, இடையில் ஒட்டுக்கேட்கும் ஒருவன் கவர்ந்துகொண்டால் என்ன செய்வது?

இந்தச் சங்கடத்துக்கு அங்கேயே பிறந்த பரிகாரம்தான் கெர்பரோஸ். இம்முறையில் கடவுச்சொல் கம்பியில் ஏறுவதே இல்லை. மாணவன் தன் பெயரை மாத்திரம் தெரிவிக்க, மத்திய யந்திரம் அவனுடைய கடவுச்சொல்லிலிருந்து உண்டான சாவியால் பூட்டி ஒரு சீட்டை அனுப்புகிறது; அந்தச் சொல்லை அறிந்தவனே அதைத் திறந்து, சீட்டைக் காட்டிக் கோப்புகளையும் அச்சு யந்திரத்தையும் அணுக முடியும்; சில மணி நேரத்தில் சீட்டும் காலாவதியாகிவிடும். ஒரு கல்விச்சாலையின் அன்றாடத் தேவைக்காகப் பிறந்த இம்முறையைப் பிற்காலத்தில் விண்டோஸ் 2000 சுவீகரித்துக்கொண்டது.

ஆனால் கடவுச்சொல்லைக் கம்பியில் கவராமல், ஊகித்தும் உள்ளே நுழையலாம் அல்லவா? 1988 நவம்பர் 2-ஆம் தேதி இரவு, கார்னெல் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் மாரிஸ் ஏவிய, தானே பரவும் புழு நிரல், இணையத்தில் ஆயிரக்கணக்கான யந்திரங்களைத் திணறடித்தது. பெர்க்லியிலும் மாசசூசெட்ஸிலும் பலர் உறக்கம் துறந்து, யந்திர பாஷையில் இருந்த அந்நிரலைப் பிரித்துப் படித்தபோது, கடவுச்சொற்களை ஊகிப்பதற்கென அதனுள் 432 சொற்களின் பட்டியல் ஒன்று பொதிந்திருக்கக் கண்டனர். மனிதர் அசட்டையால் தேர்ந்தெடுக்கும் எளிய சொற்களையும் நம்பி அந்தப் புழு வாசல் வாசலாகத் தட்டியிருந்தது. மாசசூசெட்ஸில் இப்பணியில் அதீனா ஊழியர்களோடு தோளோடு தோள் நின்றவர்கள், 1969 முதல் மாணவர்களே நடத்திவந்த கணிப்பொறிச் சங்கத்தினர். அதே மாதத்தில் கார்னகி மெலன் சர்வகலாசாலையில் 'செர்ட்' என்ற அவசர உதவி மையமும் தோன்றியது.

ஏவியவரும் மாணவர்; பிரித்துப் படித்தவர்களிலும் மாணவர் உண்டு. ஒருவர் தம் வித்தையை ரகசியமாகப் பரீட்சித்து, 1990-இல் நீதிமன்றத்தின் முன் குற்றவாளியாக நின்றார். மற்றவர்கள் பொறுப்புள்ள ஊழியர்களின் பக்கத்தில் அமர்ந்து, அதே வித்தையை ஊருக்கு உபகாரமாக்கினர். ஆதலின், கலாசாலைகளை நிர்வகிக்கும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கணிப்பொறிச் சேவைப் பிரிவின் கதவை மாணவருக்குத் திறந்துவிடுங்கள், பரிசோதனைக்கெனத் தனியே யந்திரங்களை ஒதுக்குங்கள், தவறு நேர்ந்தால் திருத்த அருகில் ஓர் ஆசானை அமர்த்துங்கள். காவல் வித்தை கைப்பழக்கத்தால் வருவது. அதற்குரிய களத்தைத் தருவது கல்விச்சாலையின் கடமை.