ஊவா மலைச் சரிதம் – 9: மூன்று செடிகளும் ஒரு மருத்துவப் பேராசிரியரும்

மன்னார்க் கரையிறங்கி, மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து வந்த கோப்பிக்காலத்துச் சனங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஊவா மலைகளில் அடுத்தடுத்து நட்டவை மூன்று: கோப்பி, கொயினா மருந்து தரும் சிங்கோனா, தேயிலை. இந்த மூன்றுக்கும் உலகம் ஏற்ற தாவரப் பெயர்களைத் தந்தவர் ஒரே ஆள். சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1741இல் மருத்துவப் பேராசிரியரான கார்ல் லின்னேயஸ் (1707–1778).

தாவர அறிஞர் என்றே அவரை நாம் அறிவோம். அவர் தொழிலோ வைத்தியம். 1735இல் ஒல்லாந்தின் ஹார்டர்வைக் நகரில் அவர் டாக்டர் பட்டம் வாங்கியது, விட்டு விட்டு வரும் காய்ச்சலைப் பற்றிய ஆய்வுக்காக. களிமண் நிலத்துத் தண்ணீரே காரணம் என்று அதில் வாதிட்டார். அது பிழை, கொசுதான் மலேரியாவைக் கொண்டுவருகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிய 1897 ஆனது. ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு மருந்தான பட்டை மரத்துக்கு, பெரு நாட்டு ஆளுநரின் மனைவியான சின்சோன் சீமாட்டியின் நினைவாக, 1742இல் 'சிங்கோனா' என்று பெயர் வைத்தவர் அவரே.

இலங்கைக்கு அவர் வந்ததே இல்லை. ஒல்லாந்துக் கம்பெனியின் வைத்தியராகக் கொழும்பில் இருந்த பவுல் ஹெர்மன் 1670களில் சேகரித்து உலர்த்திய செடிகள், பல கை மாறி அவரிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றை வைத்தே 1747இல் 'ஃப்ளோரா செய்லானிகா' நூலை எழுதினார். ஹெர்மன் திரிந்தது கரையோரத்தில். பதுளை அப்போது கண்டி அரசனின் ஆட்சியில் இருந்தது. ஆகவே நம் மலைச் செடிகள் அதில் அதிகம் இடம்பெற வழியில்லை.

தேயிலை மீது அவருக்குத் தீராத ஆசை. ஓர் இலைக்காகச் சுவீடனின் வெள்ளி சீனாவுக்குப் போகிறதே என்று வருந்தினார். 1763இல் கப்பற் தலைவர் எக்கெபெரி உயிருள்ள தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தபோது பேருவகை கொண்டார். 1765இல் தேநீர் பற்றி ஓர் ஆய்வேடும் அவர் தலைமையில் வெளிவந்தது. ஆனால் வடதேசத்துக் குளிரில் தேயிலைப் பயிர் நிலைக்கவில்லை.

அவருக்குக் கைகூடாதது இங்கே கைகூடியது. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது. துரைமார் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். பட்டை அளவுக்கு மீறிக் குவிந்து விலை சரிந்தது. பிறகு தேயிலை. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். ஒவ்வொரு முறையும் பழைய செடியைப் பிடுங்கிப் புதியதை நட்டது நம் முன்னோரின் கை. செடிகளின் பெயர்கள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நட்டவர்களின் பெயர்களோ தோட்டத்துச் செக்ரோலோடு முடங்கிப்போயின. இது என்னை வாட்டுகிறது.

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய செக்ரோல் தாளோ, கங்காணிக் கணக்கோ, பற்றுச்சீட்டோ இருந்தால் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். அதிலுள்ள பெயர்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, ஒரு படியாவது எடுத்து வையுங்கள்.

(தொடரும்)