கம்போங் கப்போர்: கற்பூரமா, எலுமிச்சையா, சுண்ணாம்பா?

ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் சாலைக்கும் இடையில் கம்போங் கப்போர் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலரைக் கற்றல் பயணமாக அந்தப் பக்கம் அழைத்துச் சென்றேன். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “சார், கப்போர் என்றால் கற்பூரம்தானே? பக்கத்தில் கோயில்கூட இருக்கிறதே!”

“ஆமாம், அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

உடனே இன்னொரு மாணவன் கைப்பேசியைக் காட்டினான். ஆங்கிலத்தில் ‘லைம்’ கிராமம் என்று போட்டிருந்தது. “சார், இங்கே எலுமிச்சைத் தோட்டம் இருந்திருக்குமோ?” அதற்கும், “இருக்கலாம்” என்றேன்.

அருகில் வெற்றிலைக் கடை வைத்திருந்த பெரியவர் சிரித்துவிட்டார். “ரெண்டும் இல்லைங்க வாத்தியாரே. மலாய்க்காரங்க வெத்தலைக்குத் தடவுறதும் கப்பூர்தான். சுண்ணாம்பு!” என்று சொல்லி, தம்மிடம் இருந்த சிறு டப்பாவைத் திறந்து காட்டினார்.

அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் தினமும் “சான்று எங்கே?” என்று கேட்கிறவன் நான். ஒரு சாலைப் பெயர் என்றதும் சான்று கேட்காமல் இரண்டு முறை தலையாட்டிவிட்டேன். அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று கருதுகோள்கள்

ஒரு கேள்விக்குப் பல விடைகள் இருக்கும்போது அறிவியலில் என்ன செய்வோம்? ஒவ்வொன்றையும் கருதுகோளாக வைத்துச் சோதிப்போம். இங்கும் அதையே செய்யலாம்.

முதலாவது கற்பூரம். இந்த ஊகத்தில் நியாயம் உண்டு. மலாய் மொழியில் கற்பூரத்துக்குக் ‘கப்பூர் பாரூஸ்’ என்று பெயர். பாரூஸ் என்பது சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பழைய துறைமுகம். அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில் தமிழ் வணிகர் குழு ஒன்று 1088ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டுகூடக் கிடைத்திருக்கிறது. ஆனால், அந்தக் கற்பூரம் அடர்ந்த காடுகளில் வளரும் பெரிய மரங்களிலிருந்து கிடைப்பது. ஜாலான் புசார் வட்டாரமோ, ஒருகாலத்தில் ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலம். அந்த மரம் வளரும் இடம் அல்ல இது.

இரண்டாவது எலுமிச்சை. இந்தக் குழப்பம் ஆங்கிலத்தால் வந்தது. ‘லைம்’ என்ற ஒரே சொல் பழத்தையும் சுண்ணாம்பையும் குறிக்கும். ஆனால் மலாய் மொழியில் பழத்தின் பெயர் ‘லீமாவ்’. சாலைப் பலகையில் இருப்பது லீமாவ் அல்ல, கப்போர். ஆகவே, இந்தக் கருதுகோள் முதல் சோதனையிலேயே தோற்றுவிடுகிறது.

மூன்றாவது சுண்ணாம்பு. இதற்கு வலுவான சான்று தமிழிலேயே இருக்கிறது. இந்த வட்டாரத்தை நம் முன்னோர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று அழைத்தார்கள். சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் அக்காலத்தில் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்ற பெயர் உண்டு. கம்பம் என்பது கம்போங் என்ற மலாய்ச் சொல்லின் தமிழ் உச்சரிப்பு. மலாய்க்காரர்கள் தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழர்கள் தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்தார்கள். இரண்டின் பொருளும் ஒன்றே. இரண்டு மாணவர்கள் தனித்தனியாக ஒரே சோதனையைச் செய்து ஒரே விடையைப் பெற்றால், அந்த விடை மீது நமக்கு நம்பிக்கை கூடுகிறது அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும்.

கடலிலிருந்து வந்த சுண்ணாம்பு

சுண்ணாம்புக்கல் மலைகள் சிங்கப்பூரில் இல்லை. பிறகு சுண்ணாம்பு எப்படிக் கிடைத்தது? பவளப் பாறைகளையும் சிப்பிகளையும் சூளையில் இட்டுச் சுட்டார்கள். இரண்டுமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கால்சியம் கார்பனேட் சிதைந்து, சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. தூய கால்சியம் கார்பனேட் 100 கிலோ எடுத்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ வாயுவாகக் காற்றில் கலந்துவிடும்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கும். வெப்பத்தை வெளிவிடும் வேதிவினைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இப்படிக் கிடைக்கும் நீற்றிய சுண்ணாம்புதான் உங்கள் பாடநூலில் வரும் கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக் கடைப் பெரியவரின் டப்பாவில் இருந்ததும் அதுவே. சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி, மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். கடலில் பவளமாக இருந்த பொருள், சூளைக்குப் போய், சுவருக்கு வந்து, மீண்டும் பழைய பொருளாகவே மாறுகிறது.

இந்த வேதியியலை நேரில் பார்க்க வேண்டுமானால் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். 1856ல் கட்டத் தொடங்கி, 1861ல் முதல் வழிபாடு நடந்த கட்டடம் அது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் கட்டியது. அதன் சுவர்களுக்கு ‘மதராஸ் சுண்ணம்’ பூசினார்கள். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் கலந்து செய்த பூச்சு அது. காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். சமையலறைப் பொருள்களால் கட்டடச் சுவர் மின்னியது!

எருமையும் மூங்கிலும்

இதே முறையில் சுற்றியுள்ள மற்றப் பெயர்களையும் பாருங்கள். தேக்காவில் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் பஃபலோ, மலாயில் கெர்பாவ். இரண்டுமே எருமைதான். இங்கும் இரண்டு மொழிகள் ஒரே செய்தியைச் சொல்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இங்கே பெரிய அளவில் மாட்டு வணிகம் நடந்தது. தண்ணீரும் புல்லும் நிறைந்த சதுப்பு நிலம் அதற்கு ஏற்ற இடம். எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் பசுவைவிட மிகக் குறைவு. வெயில் ஏறினால் தண்ணீரிலோ சேற்றிலோ புரண்டுதான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். கேகே மருத்துவமனை என்கிறோமே, அந்த இரண்டு எழுத்துகளும் இந்தப் பெயரின் சுருக்கம்தான். 1966ல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. உங்கள் தாத்தா பாட்டியரில் சிலர் அந்தக் கணக்கில் இருக்கக்கூடும்.

தேக்கா என்பது ஹாக்கியன் மொழியில் ‘தேக் கியா கா’, அதாவது சிறு மூங்கில்களின் அடி. ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில் வளர்ந்த இடம். 1982ல் சந்தை புதிய கட்டடத்துக்கு மாறியபோது, அதே சீன எழுத்துகளை மாண்டரின் முறையில் உச்சரித்து ஜூஜியாவ் என்று பெயர் வைத்தார்கள். பொருள் மாறவில்லை. ஆனாலும் மக்கள் வாயில் தேக்காவே நிலைத்தது. 2000ல் தேக்கா என்ற பெயரே திரும்ப வந்தது.

எல்லாப் பெயரும் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. ஜாலான் புசாரின் மறுமுனையில் லாவெண்டர் ஸ்திரீட் இருக்கிறது. அங்கே லாவெண்டர் பூ மணக்கவில்லை. அந்தக் காலத்தில் அங்கிருந்த காய்கறித் தோட்டங்களுக்கு மனிதக் கழிவை எருவாகப் போட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு போக வேண்டிய அந்தச் சாலைக்கு 1858ல் கேலியாக வைத்த பெயர் அது! ஆகவே, பெயர் ஒரு தடயம் மட்டுமே. அதுவே தீர்ப்பு ஆகிவிடாது.

தட்டில் இருக்கும் தடயங்கள்

சாலைப் பெயர்களைப் போலவே உணவின் பெயரையும் ஆராயலாம். தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரு தட்டு மீ கோரெங் வாங்குங்கள். ‘மீ’ ஹாக்கியன் சொல், ‘கோரெங்’ என்றால் மலாயில் வறுத்தது, சமைத்துத் தருபவர் இந்திய முஸ்லிம். மூன்று சமூகங்களும் அந்தப் பெயரிலும் தட்டிலும் இருக்கின்றன.

அந்த மீ ஏன் மஞ்சளாக இருக்கிறது? முட்டை என்று பலர் நினைக்கிறார்கள். மாவு பிசையும்போது சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரப் பொருள்களைச் சேர்ப்பதுதான் முக்கியக் காரணம். கோதுமை மாவில் இயல்பாக உள்ள ஃபிளவனாய்டு என்னும் நிறமிகள் காரத்தில் மஞ்சளாகும். மீயின் வழுக்கலும் இழுவையும்கூடக் காரத்தால் வருபவையே. சுண்ணாம்பும் காரம்தான். செண்டோலில் வரும் பச்சைத் துண்டுகள் குழையாமல் இருக்கச் சுண்ணாம்புத் தெளிநீர் சேர்க்கும் வழக்கம் இங்கே உண்டு. சூளைகள் மறைந்தாலும் கப்போர் உணவுக்குள் இருக்கிறது.

மீ கோரெங்கை முதலில் செய்தவர் இன்னார் என்று பெயர் சொல்ல முடியாது. மீன் தலைக் கறியின் கதை வேறு. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ், 1949ல் மவுண்ட் சோஃபியா பகுதியில் தாம் நடத்திய உணவகத்தில் இதை அறிமுகப்படுத்தினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மீன் தலையைச் சீனர்கள் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, தென்னிந்தியக் குழம்பில் அதை வேகவைத்தார். இன்று ரேஸ் கோர்ஸ் சாலைக்குச் சுற்றுப்பயணிகள் வருவதே இதற்காகத்தான்.

இந்தக் கறியில் புளி ஏன்? கடல் மீனின் உடலில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமீனாக மாற்றுகின்றன. மீன் கவிச்சி வருவது அதனால்தான். அது ஒரு காரம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அதனுடன் வினைபுரிந்து, எளிதில் ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. ஆவியாகாத பொருள் மூக்கை எட்டாது. தலைப் பகுதியில் நிறைய உள்ள கொலாஜன் என்ற புரதம், வேகும்போது ஜெலட்டினாக மாறிக் குழம்புக்குக் கெட்டித்தன்மை தருகிறது. வகுப்பில் படித்த நடுநிலையாக்கல் வினை மண்சட்டிக்குள் நடக்கிறது.

செய்து பாருங்கள்

மஞ்சள் தூள் கரைத்த நீரில் வடிதாளை நனைத்துக் காயவையுங்கள். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் மிளகளவு எடுத்து, தண்ணீரில் கரைத்து, பல்குத்தும் குச்சியால் தாளில் தொட்டு வையுங்கள். அந்த இடம் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நீர் சிவப்பதும் இதனால்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் ஓர் இயற்கைக் காட்டி. சிவந்த இடத்தில் புளித் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சள் நிறம் திரும்பும்.

சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கக்கூடியது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சுட்ட சுண்ணாம்பைத் தொடவே வேண்டாம். வெற்றிலை பாக்கை மென்று பார்க்கும் ஆசையும் வேண்டாம். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது.

இன்னொரு தாளில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். அது சிவக்காது. ஆங்கிலத்தில் இரண்டும் ‘லைம்’. மஞ்சளுக்கோ வேறுபாடு தெரிகிறது. அன்று எனக்குத் தெரியவில்லை!

நீங்கள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறீர்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு தேர்வுத்தாளில் இருக்கிறது. சுண்ணாம்பு பாட்டியின் பேச்சில் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று தெரியாமலேயே பலர் பள்ளியை முடித்துவிடுகிறார்கள். சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயர் இன்று எந்தச் சாலைப் பலகையிலும் இல்லை. அதைச் சொல்லும் பெரியவர்களும் குறைந்துவருகிறார்கள். சொல்லுவோர் இல்லாமல் போனால், கம்போங் கப்போருக்கு நம்மிடம் இருக்கும் இரண்டாவது சான்றும் போய்விடும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வட்டாரத்தைப் பழைய ஆட்கள் எந்தப் பெயரில் அழைத்தார்கள் என்று தாத்தா பாட்டியிடமோ பக்கத்து வீட்டு முதியவரிடமோ கேளுங்கள். பெயர், பொருள், சொன்னவர், தேதி ஆகிய நான்கையும் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் எழுதுவதுபோல் எழுதி வையுங்கள். பிறகு, “சான்று என்ன?” என்று கேளுங்கள். ஆசிரியர் தலையாட்டினாலும் கேளுங்கள்.