நம் டிப்ளமோவும் கனடா கணக்கும்



“டிப்ளமோ முடிச்சா போதும், கனடா போயிடலாம்” என்ற பேச்சு நம் ஹாஸ்டலிலும் டீக்கடையிலும் அடிக்கடி அடிபடுகிறது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை. நானே தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

தொழில்திறன் அடிப்படையில் கனடாவில் குடியேற 2015 ஜனவரி முதல் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்ற முறை நடக்கிறது. அதில் ஒரு பிரிவு ‘ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர்’. வெளிநாட்டில் படித்தவர்கள் இதற்குச் சான்றிதழை மட்டும் இணைத்தால் போதாது. ‘இ.சி.ஏ.’ எனப்படும் கல்வித் தகுதி மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும். 2013 மே மாதம் முதல் இது கட்டாயம். அந்நாட்டு அரசு நியமித்த நிறுவனங்கள்தான் இதைத் தர முடியும். ‘வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ்’ அவற்றில் ஒன்று.

அவர்கள் பார்ப்பது இரண்டு. சான்றிதழ் உண்மையானதா? அது கனடாவில் எந்தப் படிப்புக்குச் சமம்? இந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

கல்விக்கு அதிகபட்சம் 25 மதிப்பெண். டிகிரி அல்லது மூன்று வருடப் படிப்புக்கு 21, இரண்டு வருடப் படிப்புக்கு 19, ஒரு வருடத்துக்கு 15, பள்ளிப் படிப்புக்கு 5. “மூணு வருஷம் படிச்சோம், 21 நிச்சயம்” என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். நாம் பத்தாவது முடித்தே சேரலாம். அங்கே டிப்ளமோ பெரும்பாலும் பன்னிரண்டாவதுக்குப் பிறகுதான். ஆகவே நாம் படித்த வருடம் அல்ல, அறிக்கை சொல்லும் சமநிலைதான் செல்லும். கல்வி, மொழி, வயது, அனுபவம் எல்லாம் சேர்த்து 100க்கு 67 எடுக்க வேண்டும் என்பதால் இரண்டு மதிப்பெண்கூடப் பெரிசுதான்.

டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. படிப்பவர்கள் இரண்டுக்கும் சேர்த்து மதிப்பெண் கேட்க வேண்டுமானால், இரண்டையும் மதிப்பீடு செய்ய வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு. எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டையும் பத்திரமாக வையுங்கள். மார்க் ஷீட்டிலும் பாஸ்போர்ட்டிலும் பெயரும் இனிஷியல் விரிவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தவறிருந்தால் படிக்கும்போதே திருத்துவது சுலபம். அறிக்கை ஐந்து வருடம்தான் செல்லும். அதனால் அவசரப்பட்டு இப்போதே வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

இந்த அறிக்கை வேலை உத்தரவும் அல்ல, தொழில் லைசென்ஸும் அல்ல. லைசென்ஸ் தேவைப்படும் தொழிலுக்கு அந்தந்த மாகாண அமைப்பிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. “சர்டிபிகேட்டை நாங்க சரி பண்ணித் தர்றோம்” என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். பொய்ச் சான்றிதழ் கொடுத்துப் பிடிபட்டால் கனடாவுக்குள் நுழைய ஐந்து வருடம் தடை. நகையை அடகு வைத்து நம்மைப் படிக்க வைத்தவர்களின் காசு அதோடு போய்விடும். நாம் உழைத்து வாங்கிய மார்க் குறைவாக இருந்தாலும், அதற்கு உள்ள மதிப்பு நிச்சயம் உண்டு.