பட்டாசு மருந்து

பட்டாசு மருந்து என்பது வெடிகளிலும் மத்தாப்புகளிலும் பயன்படும் வேதிப்பொருட்களின் கலவை ஆகும். தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் உள்ள ஆலைகளில் இது பெருமளவில் தயாரிக்கப்படுகிறது. இக்கலவை எரிவதற்குக் காற்று தேவையில்லை. இதன் பயனுக்கும் ஆபத்துக்கும் இதுவே அடிப்படை ஆகும்.

வேதிவினை

விறகு எரியத் தேவையான ஆக்சிசன் காற்றிலிருந்து கிடைக்கிறது. எனவே அது மெதுவாக எரிகிறது. பட்டாசு மருந்தில் எரிபொருளும், ஆக்சிசனை வழங்கும் ஆக்சியேற்றியும் நுண்தூள்களாகக் கலந்துள்ளன. பழைமையான கருமருந்தில் எடை அளவில் ஏறத்தாழ 75% வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15% கரி, 10% கந்தகம் உள்ளன. ஒலி எழுப்பும் வெடிகளில் அலுமினியத் தூள் சேர்க்கப்படுகிறது.

திறந்த இடத்தில் சிறிதளவு கருமருந்தைப் பற்றவைத்தால் அது சீறி எரிந்து அடங்கும். இறுகச் சுற்றிய காகிதக் குழாயினுள் எரிந்தால், வளிமங்களின் அழுத்தம் உயர்ந்து குழாய் வெடிக்கிறது. இராக்கெட்டில் வளிமம் கீழ்நோக்கி வெளியேறுவதால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அது மேலே செல்கிறது.

உராய்வு

வேதிவினை தொடங்கத் தேவையான குறைந்த அளவு ஆற்றல் கிளர்வு ஆற்றல் எனப்படும். உராய்வின்போது இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. தீப்பெட்டியில் இது பாதுகாப்பாகப் பயன்படுகிறது: பொட்டாசியம் குளோரேட் குச்சியின் தலையிலும், சிவப்புப் பாசுபரசு பெட்டியின் பக்கத்திலும் தனித்தனியே உள்ளன. உரசும்போது மட்டுமே இரண்டும் சேர்கின்றன.

பட்டாசு மருந்திலோ வினைபடு பொருட்கள் முன்னரே சேர்ந்துள்ளன. ஒரு புள்ளியில் தோன்றும் வெப்பம் கலவை முழுவதும் பரவ ஒரு நொடிகூட ஆகாது. ஆகவே கலத்தல், சலித்தல், நிரப்புதல் ஆகியவை மிகவும் ஆபத்தான பணிகள் ஆகும். இரும்புக் கருவிகளைத் தவிர்ப்பதும், நிலைமின்னைக் குறைக்கப் பருத்தி ஆடை அணிவதும் இதன் பொருட்டே. அலுமினியம் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றலாம். மணலால் மூடிக் காற்றைத் தடுத்தாலும் எரியும் மருந்து அணையாது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதல் வெடிப்புக்குப் பின் அங்குக் கூடியவர்களும் தொடர் வெடிப்பில் சிக்கினர்.

கட்டுப்பாடுகள்

குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை மிகச் சிறிய உராய்விலும் தீப்பற்றும் என்பதால், இந்திய அரசு 1992இல் அதைத் தடை செய்தது. பச்சை நிற ஒளி தரும் பேரியம் உப்புகளைப் பட்டாசுகளில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. அதன்பின் அறிமுகமான பசுமைப் பட்டாசுகள் புகையையும் மாசையும் குறைக்கும் நோக்கம் கொண்டவை. அவற்றிலும் எரிபொருளும் ஆக்சியேற்றியும் கலந்தே இருப்பதால், தொழிலாளர்களுக்கான உராய்வு எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.