நானோ பாட்டிலை வாங்கும் முன்

உரக்கடைகளில் 'நானோ' என்ற சொல்லுக்கு இப்போது நல்ல மவுசு. துத்தநாகம், தாமிரம், வெள்ளி என எந்த உலோகத்தோடு அதை ஒட்டினாலும், அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டை உரத்துக்குச் சமம் என்று பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. துகள் சிறிதாக இருந்தால் செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் என்பதில் உண்மை உண்டு. அளவு மீறினால் கெடுதலும் அதே வழியில்தான் உள்ளே போகிறது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு 100 நானோமீட்டர். நானோ துகள் அதற்கும் உட்பட்டது. வேரில் ஒட்டியபடியே அது கரைந்து உலோக அயனிகளை வெளிவிடும். செல்லுக்குள் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, செல் சவ்வையும் மரபணுவையும் சிதைக்கும். இலையில் பச்சையம் குறையும்.

2007-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முள்ளங்கி, மக்காச்சோளம், வெள்ளரி உள்ளிட்ட 6 பயிர்களின் விதைகளைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் நானோ துத்தநாக ஆக்சைடு கலந்த நீரில் பெரும்பாலான விதைகள் முளைக்கத்தான் செய்தன. ஆனால் வேர் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுபோனது. முள்ளங்கியின் வேர் வளர்ச்சி பாதியாகக் குறைய 50 மில்லிகிராம் அளவே போதுமாக இருந்தது. ஆகவே முளைப்பு நன்றாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம்; நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். இது ஆய்வகத்துத் தண்ணீரில் கண்ட கணக்கு, வயல் மண் ஓரளவு தாங்கும். ஆனால் உலோகம் மக்கிப் போகிற பொருள் அல்ல. போகம் போகமாகத் தெளித்தால் மண்ணிலேயே சேரும். 2012-இல் வெளியான கலிஃபோர்னிய சோயா ஆய்வில், நானோ துத்தநாகம் இட்ட மண்ணில் வளர்ந்த செடிகளின் இலையிலும் பயற்றிலும் துத்தநாகம் கூடியிருந்தது. டீசலில் சேர்க்கப்படும் சீரியம் ஆக்சைடோ வேர்முடிச்சுகள் தழைச்சத்தைப் பிடிக்கும் திறனையே குறைத்தது.

மண் பரிசோதனையில் துத்தநாகக் குறை என்று வந்தால்தான் துத்தநாகம் தேவை. அதற்கும் பழகிய ஜிங்க் சல்பேட் இருக்கிறது. 'இன்னும் ஒரு மூடி சேர்த்து ஊற்று' என்ற பழக்கம் இந்தப் பாட்டில்களுக்கு ஆகவே ஆகாது. மீந்த கரைசலையும் கழுவிய நீரையும் குளத்தில் கொட்டாதீர்கள். தாமிரமும் வெள்ளியும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு.

சட்டம் இல்லாமல் இல்லை. நானோ உரங்களும் உயிரூக்கிகளும் 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தன. பூஞ்சையைக் கொல்லும் என்று சொல்லி விற்றால், அது நானோ வெள்ளியே ஆனாலும், 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்திய அரசின் பதிவு வேண்டும். நானோ வேளாண் பொருள்களை மதிப்பிட மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-இல் வெளியிட்டது வழிகாட்டுதல் மட்டுமே. மீறினால் தண்டனை என்று அதில் இல்லை. அதனால் லேபிளில் உலோகத்தின் அளவு, தொகுதி எண், தயாரிப்பாளர் முகவரி இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். ரசீது தராத கடையில் வாங்காதீர்கள்.

பயிர் கருகினால் உடனே உழுதுவிட வேண்டாம். படம் எடுத்து, மீதி மருந்தோடு பாட்டிலைப் பத்திரப்படுத்தி, வட்டார வேளாண் உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் உர ஆய்வாளருக்கு உண்டு. விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல், விதை நிறுவனம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். பாதிப்பு நேர்ந்த 2 ஆண்டுகளுக்குள் வழக்கைப் பதிவு செய்துவிட வேண்டும்.