நேரம் போகாத நேரத்தில்



சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஓர் அன்பியக் கூட்டம். இறைவார்த்தைப் பகிர்வு முடிந்து தேநீர் வந்துகொண்டிருந்தது. வெளியூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், விடுமுறைக்கு வந்திருந்தவர், என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். “ஃபாதர், ஒன்னு கேக்கலாமா? ஆபீஸ்ல கேம் விளையாடுறது பாவமா?” என்றார்.

“சம்பளம் வாங்குகிற நேரத்தில் விளையாடினால் தப்புத்தானே தம்பி” என்று சட்டெனச் சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. “வேலையே இல்லாதப்ப?” என்றார்.

அவர் சொன்னது இதுதான். மாதக் கடைசி ஐந்து நாட்களும் மாதத் தொடக்கத்தில் மூன்று நாட்களும் தலை நிமிர முடியாத வேலை. நடுவில் பல நாட்கள் மதியத்துக்கு மேல் கையில் ஒன்றும் இருக்காது. ஆனால் மாலை ஆறு மணி வரை நாற்காலியில் இருந்தாக வேண்டும். வேலை இல்லை என்று மேலாளரிடம் போய்ச் சொன்னால், அடுத்த மாதம் ஆளைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம். ஆகவே நான்கு நண்பர்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு. ‘நீங்கள் என்ன பூ?’, ‘போன பிறவியில் நீங்கள் யார்?’, ‘உங்கள் பெயரின் முதல் எழுத்து உங்களைப் பற்றி என்ன சொல்கிறது?’ என்று வினாடி வினாக்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டு, கணினித் திரையில் கணக்குத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு, மேசைக்குக் கீழே சிரித்துக்கொள்கிறார்கள்.

இதற்கு நான் சொன்ன ஒரு வரிப் பதில் போதாது என்று எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்தும் கொஞ்சம் படித்தும் வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தம்பியை நான் குறை சொல்ல முடியாது. நானும் அதைச் செய்தவன்தான். சில மாதங்களுக்கு முன் ஒரு மதிய வேளையில், கல்லறைப் பதிவேட்டைப் பார்த்து எழுத வேண்டிய வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது, ‘நீங்கள் எந்தப் புனிதரைப் போன்றவர்?’ என்ற வினாடி வினா ஒன்று கைப்பேசிக்கு வந்தது. பத்துக் கேள்விகள். நான் புனித அந்தோனியாராம்! வெளியே அமைதியானவன், உள்ளே உறுதியானவன், மற்றவர்கள் புரிந்துகொள்ளாத ஒரு சோகம் எனக்கு உண்டு என்றெல்லாம் எழுதியிருந்தது. எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று மகிழ்ந்துபோய் அதை அன்பியப் பொறுப்பாளர்கள் குழுவில் போட்டுவிட்டேன். அதனால் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

வேலை நேரத்து விளையாட்டு இன்று பிறந்ததல்ல. டெட்ரிஸ் என்ற விளையாட்டை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். 1984இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்நோவ் அதைத் தம் அலுவலகக் கணினியில்தான் உருவாக்கினார். உடன் வேலை செய்தவர்கள் ஆடினார்கள், பிறகு வட்டுகளில் பிரதி எடுத்து ஊர் ஊராகக் கைமாற்றினார்கள். சாலிட்டேர் என்ற சீட்டாட்டம் 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்தது. சுட்டியைப் பிடித்து இழுத்து விடும் பழக்கம் மக்களுக்கு வர வேண்டும் என்பதும் அதைச் சேர்த்ததற்கு ஒரு காரணம். மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்திருந்த வெஸ் செர்ரி என்ற இளைஞர் அதை எழுதினார். மேலாளர் வந்தால் ஒரு பொத்தானை அழுத்தியதும் திரையில் பொய்யான எக்செல் தாள் தோன்றும்படியும் அவர் அமைத்திருந்தார். நிறுவனம் அதை மட்டும் எடுத்துவிடச் சொன்னது. அந்தத் தம்பி கணக்குத் தாளைத் திறந்து வைப்பது நினைவுக்கு வர, தனியாக இருந்தும் சிரித்துவிட்டேன்.

எல்லாம் சிரிப்பாக முடிவதில்லை. 2006இல் நியூயார்க் நகர மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க், அல்பனியில் உள்ள மாநகராட்சி அலுவலகத்துக்குச் சென்றபோது ஓர் ஊழியரின் திரையில் சாலிட்டேர் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அந்த ஊழியரின் வேலை போயிற்று. அவர் அந்த நாளில் எவ்வளவு வேலை செய்தார், எதை விட்டுவிட்டார் என்பதைத் திரையில் இருந்த சீட்டுகள் சொல்லியிருக்காது. அந்த மேயரும், ‘தப்புத்தானே தம்பி’ என்று சொன்ன நானும் ஒரே அவசரத்தில் இருந்தோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

திருச்சபை இதில் என்ன சொல்கிறது? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஏழாம் கட்டளையை விளக்கும் பகுதியில் (எண் 2409), வேலையைச் சரியாகச் செய்யாமல் விடுவதையும் நிறுவனத்தின் பொதுப் பொருளைச் சொந்தத்துக்குப் பயன்படுத்துவதையும் ஒழுக்கத்துக்கு மாறானவை என்கிறது. இதை நாம் மழுப்ப வேண்டாம். அதே நூல், உரிய கூலியைத் தராமல் இருப்பதையும் பெரும் அநீதி என்கிறது (எண் 2434). கட்டளை இரண்டு பக்கமும் பேசுகிறது. வேலை இல்லை என்ற உண்மையைச் சொன்னாலே வேலை போய்விடும் என்று ஒருவர் பயப்படும் இடத்தில், அங்கே நடக்கும் நடிப்புக்கு அவர் ஒருவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமா?

விளையாட்டைப் பற்றியும் நம் மரபில் நல்ல சொல் உண்டு. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டு தேவையா என்றே ஒரு கேள்வி எழுப்புகிறார். குருமடத்தில் படித்தபோது இந்தப் பகுதியைத் தேர்வுக்காக ஒப்பித்தேன். இப்போதுதான் சுவைத்துப் படித்தேன். நற்செய்தியாளரான புனித யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவரை யோவான் அம்பு எய்யச் சொன்னார். மீண்டும், மீண்டும். இப்படியே நிறுத்தாமல் எய்ய முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனித மனமும் அப்படித்தான் என்றாராம் யோவான். உடல் களைப்புக்கு ஓய்வு போல, மனக் களைப்புக்கு விளையாட்டு என்பது அக்குவினாரின் கருத்து. அது ஆபாசமாகவோ பிறரைப் புண்படுத்துவதாகவோ இருக்கக் கூடாது. தன்னிலை மறக்கச் செய்யக் கூடாது. ஆளுக்கும் இடத்துக்கும் நேரத்துக்கும் பொருந்த வேண்டும். கொஞ்சமும் சிரிக்காமல், சிரிப்பவர்களுக்கும் தடையாக இருப்பதைக்கூட அவர் குறை என்கிறார். (நம் பங்குப் பேரவைக் கூட்டங்களில் இதை வாசிக்கலாம் என்று ஓர் எண்ணம்.)

ஆனால் வில்லைத் தளர்த்துவதற்கு, அது முதலில் வளைக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அந்தத் தம்பியின் மதிய நேரம் அப்படிப்பட்டதல்ல. அது களைப்பு இல்லை, வெறுமை. அதற்கு வேறொரு துறவியைத் தேட வேண்டியிருந்தது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ், துறவிகளை நண்பகலில் வந்து பிடிக்கும் ஒரு சோர்வை விவரிக்கிறார். ஏறக்குறைய காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை அதன் நேரம். சூரியன் நகராதது போல இருக்கும். துறவி சன்னலைப் பார்ப்பார். வெளியே வந்து, உணவு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வானத்தைப் பார்ப்பார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று அங்குமிங்கும் பார்ப்பார். பிறகு இந்த இடமே பிடிக்காது, இந்த வேலையே பிடிக்காது, இங்கே யாருக்கும் அன்பே இல்லை என்று தோன்றும். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியதைப் படிக்கும்போது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் என்னையே பார்த்தேன். யாராவது வருகிறார்களா என்றுதானே நாமும் பார்க்கிறோம்? ‘நீங்கள் என்ன பூ?’ என்று ஒருவர் அனுப்புவதும், சன்னல் வழியே இன்னொருவரைக் கூப்பிடுவது போலத்தான். அதில் ஒரு தோழமை இருக்கிறது. அதை நான் இழிவாகப் பேசமாட்டேன்.

இப்போது என் அந்தோனியார் கதைக்கு வருகிறேன்.

1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவு என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதில் பெரும்பகுதி ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. யாருக்கும் பொருந்தும் சொற்களை நமக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொள்வது மனித இயல்பு. சோதிடம் பார்க்க வேண்டாம் என்று ஞாயிறுதோறும் மறையுரை வைக்கும் நான், புனிதரின் படத்தோடு வந்ததும் அதே சரக்கை வாங்கிவிட்டேன்.

என் ஏமாற்றம் என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குழுவில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நான் அனுப்பிய இணைப்பைத் திறந்து, எல்லாக் கேள்விக்கும் பதில் கொடுத்திருக்கிறார். கடைசியில் முடிவைப் பார்க்கப் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் கேட்டதாம். (நானும் கொடுத்திருந்தேன்.) சில நாட்களில் அவருக்குத் தெரியாத எண்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. ஒருவர் அவருடைய முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொல்லி, வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஓடிபி கேட்டிருக்கிறார். மகன் வீட்டில் இருந்ததால் பணம் தப்பியது. விவரம் அந்த வினாடி வினாவிலிருந்துதான் போனதா என்பதை நான் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த அம்மா என்னிடம் சொன்னது நெஞ்சில் நிற்கிறது: “சாமி அனுப்புனா சரியாத்தான இருக்கும்னு நம்பிப் போட்டேன்.”

நாம் அனுப்புவது வெறும் விளையாட்டு என்று நினைக்கிறோம். அதோடு நம் பெயரும் போகிறது, நம்மை நம்புகிறவர்களின் நம்பிக்கையும் போகிறது. 2018 மார்ச்சில் உலகத்தையே உலுக்கிய செய்தி நினைவிருக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கோகன் என்ற உளவியல் ஆய்வாளர் ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமை வினாடி வினாவை அமைத்திருந்தார். அதில் கலந்துகொண்டவர்கள் சுமார் 2,70,000 பேர். அன்றைய விதிகளின்படி, அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் அந்தச் செயலி எடுத்துக்கொள்ள முடிந்தது. இப்படி 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. அந்த விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயின. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர்தான். ஆனால் உலகில் எங்கோ இருந்த நண்பர்கள் வழியாக, விவரம் போயிருக்கக்கூடிய இந்தியர்கள் மேலும் 5,62,120 பேர். அவர்கள் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. அவர்களுக்குப் பொழுது போகாமலும் இல்லை. ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு 2019இல் அமெரிக்காவில் 500 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நண்பர்களின் விவரங்களை அப்படி அள்ளும் வழி 2015இலேயே அடைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் முதலில் படித்த பள்ளி, தாயின் பிறந்த ஊர், வளர்த்த நாயின் பெயர் என்று கேட்கும் விளையாட்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. கடவுச்சொல் மறந்துபோனால் சில இணையதளங்கள் கேட்பதும் இதே கேள்விகள்தான் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

எல்லா விளையாட்டும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர், சொல் விளையாட்டுகளை விரும்பும் தம் துணைவிக்காக வேர்டில் என்ற ஒன்றை அமைத்தார். 2021 நவம்பர் முதல் நாளில் அதை ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் 3 லட்சத்தைத் தாண்டினார்கள். 2022இல் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கியது. அவர் அமைத்தபோது அதில் விளம்பரம் இல்லை, பெயரும் எண்ணும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல். முடிந்ததும் நாளைக்கு வா என்று அனுப்பிவிடும். ஆடுகிறவரைப் போக விடுகிற விளையாட்டு நல்ல விளையாட்டு என்பது என் கணிப்பு.

இவ்வளவையும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த அந்தத் தம்பியிடம் சொன்னேன். முதலில் நான் சொன்ன அவசரப் பதிலுக்கு மன்னிப்பும் கேட்டேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “நீங்கள் நாலு பேரும் சிரிச்சுக்கிட்டு இருக்கிற அந்த நேரத்தில், உங்கள் அலுவலகத்தில் யாராவது வேலை செய்துகொண்டு இருப்பார்களா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “பில்லிங் அக்கா ஃபாதர்” என்றார். முன்பக்கக் கவுண்டரில் இருப்பவர். அவருக்கு மாதம் முழுவதும் கூட்டம்தான். அந்த வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லை. அவரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லையாம்.

மேலாளரிடம் வேலை இல்லை என்று சொல்லப் பயம். பில்லிங் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லப் பயம் இல்லையே என்று இருவரும் பேசிக்கொண்டோம். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். நடு மாதத்து மதியங்களில் இரண்டு மணி நேரம் கவுண்டரில் உட்காருகிறாராம். மற்ற மூவரில் ஒருவர் மட்டும் சேர்ந்திருக்கிறார். இருவர் கேலி செய்கிறார்கள். மதிய உணவு நேரத்தில் எல்லாரும் சேர்ந்து அந்த ஒரு சொல்லைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் அந்த அக்காதான் முதலில் கண்டுபிடிக்கிறாராம்.