திருவான்மியூர்ப் பள்ளி நூலகமும் கட்டணமில்லா இணையக் கருவிகளும்: தமிழ்ப் பட்டியலாக்கத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: பள்ளி நூலகம், பட்டியலாக்கம், அகரவரிசை, ஒருங்குறி, விக்கித்தரவு

முன்னுரை

திருவான்மியூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்குள் பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் அமைந்துள்ளன. ஆய்வாளர் நாடிச் செல்லும் இப்பெருந்தொகுப்புகளுக்கு நடுவே வாழும் பள்ளி மாணவருக்கு முதலில் வாய்ப்பது தம் பள்ளியின் அலமாரிதான். அதற்குரிய ஆவணம் பெரும்பாலும் நூல் இருப்புப் பதிவேடு ஒன்றே. நூல்கள் வந்து சேர்ந்த வரிசையில் எழுதப்படும் அப்பதிவேடு தணிக்கைக்கு உதவும், தேடுவோருக்கு உதவாது. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பதை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்றாக வைத்தார். கட்டணமில்லா இணையக் கருவிகள் இவ்விதியைப் பள்ளி அளவில் எட்டக்கூடியதாக்கியுள்ளன. ஆயினும் இடர்ப்பாடு மென்பொருளில் இல்லை. தமிழ்ப் பெயர்களையும் தமிழ் எழுத்துகளையும் அது கையாளும் முறையில் உள்ளது.

கருவித் தேர்வு

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாக்கப்பட்டு 2000இல் பயன்பாட்டிற்கு வந்த கோஹா, இன்று உலகெங்கும் வழங்கும் கட்டற்ற நூலக மென்பொருள். பல்கலைக்கழக நூலகத்திற்கு அது பொருந்தும். ஈராயிரம் நூல்களும், நூலகப் பொறுப்பைக் கூடுதலாக ஏற்ற தமிழாசிரியர் ஒருவரும் மட்டுமே உள்ள பள்ளிக்கு வழங்கியைப் பராமரிப்பதே சுமையாகிவிடும். அங்கே கூகுள் விரிதாள் போதும். நிரல்களைத் தொடக்கத்திலேயே செம்மையாக வகுத்துக்கொண்டால், பின்னாளில் அத்தரவை உரிய வடிவுக்கு மாற்றிக் கோஹாவில் ஏற்றலாம்.

பெயர் என்னும் சிக்கல்

பன்னாட்டுத் தர நூல் எண்ணை உள்ளிட்டால் நூல் விவரங்களைத் தாமே திரட்டித் தரும் இணையத் தளங்கள் உள்ளன. பழைய தமிழ்ப் பதிப்புகள் பலவற்றில் அவ்வெண்ணே இராது. எண் இருப்பினும், கிடைக்கும் விவரம் உரோமன் எழுத்தில் அமைவதுண்டு. அதிலும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் கையாளும் ஒலிபெயர்ப்பு முறை, ஒலிப்பைக் கருதாமல் எழுத்துக்கு எழுத்தாகப் பெயர்ப்பது. ஆங்கில நாளிதழில் கண்ட உருவில் தேடும் மாணவருக்கு அது அகப்படாது. ஆகவே தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழ் எழுத்திலேயே கையால் உள்ளிடுவது தவிர்க்க இயலாதது.

அவ்வாறு உள்ளிடும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. மு. வரதராசன், மு.வ., டாக்டர் மு. வரதராசனார் என மூன்று உருவங்களில் ஒருவர் பெயரே அட்டைகளில் காணப்படும். கணினிக்கு இவர்கள் மூவர். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும், கல்கியும் ரா. கிருஷ்ணமூர்த்தியும் அவ்வாறே பிரிந்து நிற்பர். 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு இதற்கு எளிய தீர்வு தருகிறது. அங்கு ஒவ்வோர் ஆளுமைக்கும் தனி எண் உண்டு. மாற்றுப்பெயர்களையும் தமிழிலேயே சேர்க்கலாம். விரிதாளில் 'பெயர் அட்டையில் உள்ளவாறு', 'நிலைப்பெயர்', 'விக்கித்தரவு எண்' என மூன்று நிரல்கள் அமைத்தால் சிதறிய நூல்கள் ஓரிடத்தில் கூடும். தமிழ் ஆளுமைகளின் மாற்றுப்பெயர்களைத் திரட்டித் தருதல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி. அதைப் பள்ளியாசிரியர் தலையில் சுமத்துவது முறையன்று.

அகரவரிசை

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் குறியெண் வரிசை நெடுங்கணக்கு வரிசை அன்று. அங்கு னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பின்னர் வருகிறது. குறியெண்ணை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தும் மென்பொருளில் 'மனோன்மணீயம்' 'மலைக்கள்ளன்' என்பதற்கு முன்னே நிற்கும். 'கல்கி' 'கலைமகள்' என்பதற்குப் பின்னே செல்லும். வகுப்பில் அகராதி பார்க்கக் கற்ற மாணவர் உரிய இடத்தில் தேடி, நூல் இல்லை என்று திரும்பிவிடுவார். நூல் இருந்தும் இல்லாமற் போகும் நிலை இது.

இதற்கெனத் தமிழ் வரிசை விதிகளை ஒருங்குறிக் கூட்டமைப்பு வகுத்துள்ளது. அவற்றின்படி மெய், உயிர்மெய்க்கு முன்னும், கிரந்த எழுத்துகள் னகரத்திற்குப் பின்னும் வரும். தேர்ந்த கருவி இவ்விதிகளைப் பின்பற்றுகிறதா என்பதை மேற்காட்டிய நான்கு தலைப்புகளை உள்ளிட்டே சோதித்துவிடலாம். ஜெயகாந்தன் நூல்களைச் சகரத்தை அடுத்து வைப்பதா இறுதியில் வைப்பதா என்பது பள்ளி முடிவு செய்ய வேண்டியது; முடிவு அலமாரியிலும் பட்டியலிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

மின்னூல்களும் பாட இயைபும்

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல இடம்பெற்றுள்ள தமிழ் விக்கிமூலம் ஆகியன மேல்வகுப்புகளுக்கு உதவும். தொடக்க வகுப்புகளுக்குப் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் ஏற்றது. அதிலுள்ள படக்கதைகளைப் படைப்பாளர் பெயருடன் அச்சிட்டுத் தைத்து அலமாரியில் வைக்கலாம். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பவை அனைத்தும் இவ்வாறு படியெடுக்க உரியவை அல்ல. இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும்.

இம்மின்னூல்களும் அதே விரிதாளில் இடம்பெறுதல் நன்று. கூடவே 'பாட இயைபு' என்றொரு நிரல் வேண்டும். எவ்வகுப்பின் எப்பாடத்தைப் படித்த மாணவர் இந்நூலை நாடுவார் என்பதை ஆசிரியரே அங்குக் குறிக்கலாம். பகுப்பெண்ணைக் காட்டிலும் பள்ளியில் அது பயன் மிகுந்தது.

இரவல் பதிவை மட்டும் பொதுவில் பகிரும் விரிதாளில் வைத்தல் கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோரைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோர் இசைவைக் கோருகிறது. எந்த மாணவர் எதைப் படித்தார் என்பதை நூலகப் பொறுப்பாசிரியரிடம் உள்ள காகிதப் பதிவேட்டிலேயே தொடர்ந்து எழுதிவரலாம்.